சாத்தானைக் கெடுத்தது யார்?

தாவீது ராஜா ஒருமுறை குடிக்கணக்கு எடுத்தார். படைத்தலைவன் யோவாப் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கணக்கு முடிந்ததும் தண்டனை வந்தது. கொள்ளைநோயில் 70,000 பேர் மாண்டார்கள். பழைய ஏற்பாட்டில் இந்தக் கதை இரண்டு இடங்களில் வருகிறது. கணக்கெடுக்கும்படி தாவீதைத் தூண்டியது யார் என்பதில் இரண்டும் பிரிந்துபோகின்றன. சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 24ஆம் அதிகாரத்தில் தூண்டியவர் கர்த்தர். இஸ்ரவேலர்மேல் அவருக்குக் கோபம். நாளாகமத்தின் முதல் புத்தகம் 21ஆம் அதிகாரத்தில் தூண்டியவன் சாத்தான்.

நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்டது என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு. தானே தூண்டிவிட்டுத் தானே தண்டிக்கும் கடவுளை அப்படியே விட்டுவைக்க அந்தப் பிந்தைய ஆசிரியருக்கு மனம் வரவில்லை போலும். புதிய பாத்திரம் ஒன்று உள்ளே வந்ததும் கடவுளின் கை சுத்தமாயிற்று. ஆனால் அந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது, அதை யார் கெடுத்தார்கள் என்று வாசகன் கேட்டால்?

பிசாசைப் பற்றிய தத்துவ விவாதம் முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து கிளம்பியதுதான். தீமைக்குப் பிசாசு காரணம் என்றால் பிசாசின் தீமைக்கு எது காரணம்? ‘ஏன்’ என்பதை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது? மதங்களும் தத்துவவாதிகளும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்திய இடத்தைப் பார்த்தாலே அவர்களுடைய கடவுள் எப்படிப்பட்டவர், மனிதன் எப்படிப்பட்டவன் என்பது தெரிந்துவிடும்.

எளிய வழி, கேள்வியை முதலிலேயே அடைத்துவிடுவது. பாரசீகத்தின் ஜரதுஷ்டிர மதத்தில் அஹுரா மஸ்தாவுக்கு எதிராக அங்ரா மைன்யு நிற்கிறான். தீமைக்கு அவனே மூலம், அவனுக்கு மூலம் கிடையாது. இப்படி ஒரு கடவுளுக்குத் தீமையில் பங்கே இல்லை. ஆனால் அவர் சர்வ வல்லவரும் இல்லை. இந்த விலையைக் கொடுத்தும் சிலருக்கு அரிப்பு அடங்கவில்லை. மிகப் பழைய காதைகளில் இரண்டு ஆவிகளும் இரட்டையர் என்று சொல்லப்பட்டிருப்பதால், இரட்டையருக்குத் தகப்பன் யார் என்று கேட்டார்கள். சுர்வான் என்ற காலக் கடவுள் பிள்ளை வேண்டி ஆயிரம் ஆண்டு வேள்வி செய்தார்; நடுவில் ‘இதனால் பலன் உண்டா?’ என்று ஒரு கணம் ஐயுற்றார். வேள்வியில் ஒருவன் பிறக்க, ஐயத்தில் இன்னொருவன் பிறந்தான் என்று ஒரு பிரிவினர் கதை சொன்னார்கள். ஒரு கடவுளின் ஒரு நொடிச் சந்தேகம் உலகத்துத் தீமைக்கெல்லாம் தாய் ஆகிவிட்டது.

இருமைக் கொள்கையை உலக மதமாகவே ஆக்கியவர் கி.பி. 216இல் மெசொபொத்தேமியாவில் பிறந்த மானி. ஒளியும் இருளும் ஆதியிலிருந்தே போரிடுகின்றன என்றார் அவர். வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அகுஸ்தினார் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்த மதத்தில் இருந்தவர். அவரை உலுக்கியது நண்பர் நெப்ரீதியஸ் எழுப்பிய ஒரு சிக்கல்: இருள் கடவுளுக்குக் கெடுதல் செய்யவல்லது என்றால் கடவுள் கெடக்கூடியவர்; செய்ய வல்லதல்ல என்றால் அவர் அதோடு ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து.

பின்னால் பிஷப்பான அகுஸ்தினார் கேள்வியையே மாற்றினார். தீமை என்பது ஒரு பொருள் அல்ல, இருக்க வேண்டிய நன்மை இல்லாமல் போன நிலை என்றார். குருடு என்று தனியாக ஒன்று கண்ணுக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. பார்வை இல்லை, அவ்வளவுதான். அப்படியானால் முழுக்க முழுக்கத் தீமையான ஒரு பிசாசு இருக்கவே முடியாது. அவனுக்கு அறிவு உண்டு, மன உறுதி உண்டு, நீடித்திருக்கும் ஆற்றல் உண்டு. இவை எல்லாம் நன்மைகள். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பினோசா இதை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார்: நிறைவு எதுவுமே இல்லாத ஒன்று கண நேரம்கூட நிலைத்திருக்காது, ஆகவே பிசாசு கிடையாது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் அந்த அளவுக்குப் போகவில்லை. பிசாசுகள் நல்லவையாகவே படைக்கப்பட்டன, தாங்களாகவே கெட்டன என்று அறிக்கையிட்டது. தென் பிரான்சில் பரவியிருந்த கதார் இருமைவாதிகளுக்குச் சொன்ன பதில் அது.

‘தாங்களாகவே’ என்பதில்தான் வில்லங்கம். இதை எவரையும்விட நேர்மையாகக் குடைந்து பார்த்தவர், பின்னாளில் கேன்டர்பரி பேராயரான அன்செல்ம். நார்மண்டியில் துறவியாக இருந்த காலத்தில், 1080களில், ‘பிசாசின் வீழ்ச்சி’ என்று ஒரு நூல் எழுதினார். ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளும் 28 சிறு அதிகாரங்கள். மாணவர் லேசுப்பட்டவர் அல்ல. தேவதூதர்கள் உட்பட எவருக்கும் கடவுள் கொடுக்காத எதுவும் இல்லை என்றால், நிலைத்து நிற்கும் குணத்தைச் சில தூதர்களுக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் விட்டது கடவுள்தானே என்று பிடிக்கிறார். ஆசிரியர், கொடுக்காததால் அவன் பெறாமல் போகவில்லை, அவன் ஏற்காததால்தான் கொடுபடவில்லை என்கிறார். ஏன் ஏற்கவில்லை? விரும்பவில்லை. ஏன் விரும்பவில்லை? மாணவர் விடுவதாக இல்லை.

அங்கே அன்செல்ம் ஒரு சோதனை செய்கிறார், மனதுக்குள். கடவுள் ஒரு தூதனைப் படிப்படியாகப் படைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் இன்பத்தை நாடும் விருப்பம் ஒன்றை மட்டும் வைக்கிறார். அந்தத் தூதன் இன்பத்தைத் தேடியே தீருவான். வேறு வழி அவனுக்கு இல்லை. ஆகவே அவனை நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. நீதியை நாடும் விருப்பம் ஒன்றை மட்டும் வைத்தாலும் கதை அதுவே. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஒன்றை இன்னொன்றுக்காக விட்டுக்கொடுக்க முடியும், அப்போதுதான் புகழும் பழியும் அவனைச் சேரும். மனித மனத்தைப் பற்றிய கூர்மையான கண்டுபிடிப்பு இது. கிடைத்தது பிசாசைப் பற்றி யோசிக்கப்போன இடத்தில். தனக்குத் தண்டனை கிடைக்கும் என்று சாத்தானுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்றும் நூல் கேட்கிறது. தண்டனைக்கு உரிய செயல் என்று தெரியும், கடவுள் உண்மையிலேயே தண்டிப்பாரா என்பது தெரியாது என்கிறார் ஆசிரியர். தெரிந்தே விழுந்திருந்தால் அவன் மகா முட்டாளாக இருக்க வேண்டுமே!

கடைசியில் மாணவர் மறுபடியும் கேட்கிறார்: அவன் அதை ஏன் விரும்பினான்? விரும்பினான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று ஆசிரியர் முடிக்கிறார். விருப்பத்துக்கு முன்னால் எதுவும் இல்லை. சிலருக்கு இது தோல்வியை ஒப்புக்கொண்டதாகத் தோன்றும். ஆனால் சுதந்திரமான செயல் என்று ஒன்று இருக்குமானால் அதற்கு இதைவிட மேலான விளக்கம் தர முடியுமா என்பது இன்றுவரை திறந்தே கிடக்கும் கேள்வி. நூற்றாண்டுகள் கழித்துத் தாமஸ் அக்வினாஸும் அதே பாறையில்தான் மோதினார். மனிதன் தவறு செய்தால் அறியாமை, ஆசை, உடம்பு என்று சாக்கு இருக்கிறது. உடம்பும் இல்லாமல் மயக்கமும் இல்லாமல் இருக்கும் தூய அறிவு எப்படித் தவறும்?

இஸ்லாத்தில் கேள்வி வேறு வாசலால் நுழைகிறது. ஆதமுக்குச் சிரம் பணியும்படி கட்டளை வந்தபோது இப்லீஸ் மறுத்தான். நான் நெருப்பால் ஆனவன், இவன் களிமண்ணால் ஆனவன் என்பது அவன் வாதம். குர்ஆனின் பார்வையில் இது ஆணவம், அத்தோடு முடிந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மினாவில் ஷைத்தானுக்குக் கல்லெறியும்போது அவர்களுக்கு அதில் சந்தேகம் எதுவும் இருப்பதில்லை. ஆனால் 922இல் பாக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி மன்சூர் ஹல்லாஜ், ‘தவாசீன்’ என்ற நூலில் சினாய் மலைச்சரிவில் மூசா நபியும் இப்லீஸும் சந்திப்பதாக ஒரு காட்சி வைத்தார். கட்டளையை ஏன் மீறினாய் என்று மூசா கேட்க, இறைவன் ஒருவனைத் தவிர எவருக்கும் பணிவதில்லை என்று இருந்தவன் நான், அது கட்டளை அல்ல, சோதனை என்று பதில் வருகிறது. ஏகத்துவத்தில் இப்லீஸ் எல்லோரையும் மிஞ்சிவிட்டான்! பெரும்பாலான உலமாக்கள் இதை ஏற்கவில்லை. ஆயினும் இறைவன் கட்டளையிடுவதும் இறைவன் நாடுவதும் ஒன்றுதானா என்ற கடினமான கேள்விக்கு இதைவிடத் துணிச்சலான சோதனைக்களம் கிடைக்காது. இறைவன் நாடாமல் இப்லீஸ் மறுத்திருக்க முடியுமா?

சரி, கெட்டுவிட்டான். கடவுள் அவனை ஏன் விட்டுவைத்திருக்கிறார்? டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ நாவலில் (1719) இந்தக் கேள்வியைக் கேட்பவன் வெள்ளை எஜமானிடம் வேதம் படிக்கும் ஃப்ரைடே. கடவுள் பிசாசைவிட வலியவர் என்றால் அவனைக் கொன்றுவிட்டால் என்ன என்கிறான். குரூசோ காதில் விழாததுபோல் நடிக்கிறார். ஃப்ரைடே திரும்பவும் கேட்கிறான். கடைசியில் தண்டிப்பார் என்று மழுப்பினால், இப்போதே ஏன் இல்லை என்கிறான். நாம் மனந்திரும்ப அவகாசம் கிடைப்பதைப்போலத்தான் என்றால், அப்படியானால் நாமும் பிசாசும் எல்லோரும் திருந்தி எல்லோருக்கும் மன்னிப்பா என்று மகிழ்ந்துபோகிறான். குரூசோ அவனைத் தூரத்தில் ஏதோ வேலைக்கு அனுப்பிவிடுகிறார்! நாவலில் மட்டும் நடந்த கூத்து அல்ல இது. கனடாவில் பணியாற்றிய இயேசு சபைப் பாதிரியார் ஷார்ல்வுவா, இரோக்குவா இனத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டபோது தனக்குப் பதில் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டதை இம்மானுவேல் காண்ட் ஓர் அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

ஃப்ரைடேயின் மகிழ்ச்சிக்கும் முன்னோடி உண்டு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிஜென், முடிவில் படைப்பு முழுவதும் கடவுளிடம் மீளும் என்று எழுதினார். பிசாசுக்கும் மீட்சி உண்டு என்பது அவர் பெயரிலேயே நின்று, 6ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் கண்டனத்துக்கு ஆளானது. கண்டித்தவர்களுக்கும் ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது: திருந்தவே முடியாத ஒருவனைச் சுதந்திரமானவன் என்று எப்படிச் சொல்வது?

இதுவரை பார்த்தவை மடங்களிலும் நூல்களிலும் நடந்த வாதங்கள். ஒரே ஓர் ஆண்டில் இவை உயிர்களை வாங்கிய ஊர் ஒன்று உண்டு. நம்மூர் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் சேலம்; ஆண்டு 1692. அங்கே சூனிய வழக்குகளில் முக்கியச் சாட்சியம் ஆவியுருச் சாட்சியம். இன்னாரின் உருவம் வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று பாதிக்கப்பட்ட பெண்கள் சொல்வார்கள். அந்த நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நிரூபித்தும் பயனில்லை. வந்தது உடம்பு அல்லவே, உருவம்தானே. ஆகவே தீர்ப்பு முழுவதும் ஓர் இறையியல் கேள்வியில் தொங்கியது. தன்னோடு ஒப்பந்தம் செய்துகொள்ளாத அப்பாவியின் உருவத்தைப் பிசாசு எடுக்க முடியுமா? முடியாது, கடவுள் அதை அனுமதிக்க மாட்டார் என்பது தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவ்டனின் நிலைப்பாடு.

மே 2ஆம் தேதி ஏம்ஸ்பரியைச் சேர்ந்த சூசன்னா மார்ட்டின் என்ற வயதான விதவையை விசாரித்தார்கள். உன் உருவம் எப்படி இவர்களை வதைக்கிறது என்று கேட்டார் நீதிபதி. அவர் பைபிளிலிருந்தே பதில் சொன்னார். எண்டோரில் குறி சொல்லும் பெண்ணிடம் சவுல் ராஜா போனபோது, இறந்துபோன சாமுவேல் தீர்க்கதரிசியின் உருவில் வந்தது பிசாசுதான் என்பது அந்தக் காலப் புராட்டஸ்டன்ட் விளக்கம். புனிதரான சாமுவேலின் உருவையே எடுத்தவனுக்கு வேறு யாருடைய உருவையும் எடுப்பது கடினமா என்பதுதான் சூசன்னாவின் வாதத்தின் சாரம். மறுக்க முடியாத வாதம். ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அக்டோபரில் ஹார்வர்டு கல்லூரித் தலைவர் இன்க்ரீஸ் மேதர் ஆவியுருச் சாட்சியத்துக்கு எதிராக ஒரு நூலை முன்வைத்தார். அதிலும் எண்டோர் கதை வருகிறது. அதே மாதம் ஆளுநர் ஃபிப்ஸ் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் 19 பேர் தூக்கில் தொங்கியிருந்தார்கள். வழக்குக்கு ஒத்துழைக்க மறுத்த கைல்ஸ் கோரியை நெஞ்சில் கல் ஏற்றிக் கொன்றிருந்தார்கள். விதவை மே மாதத்தில் சொன்னதைக் கல்லூரித் தலைவர் சொல்ல ஐந்து மாதம் ஆயிற்று.

ஏமாற்றும் வல்லமையுள்ள ஒருவனை ஒப்புக்கொண்டால் எந்தச் சாட்சியத்தையும் நம்ப வழியில்லாமல் போகிறது. இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1641இல், தெகார்த் தன் ‘தியானங்கள்’ நூலில் வேண்டுமென்றே செய்து பார்த்திருந்தார். வானம், பூமி, கை, கால் எல்லாம் ஒரு வஞ்சக ஆவி காட்டும் மாயம் என்று வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? ஏமாறுவதற்கு நான் ஒருவன் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் மிஞ்சும். மேசையில் உட்கார்ந்து செய்யும்போது இது அருமையான பயிற்சி. சேலத்து நீதிபதிகள் பிசாசின் வஞ்சகத்தை முழுசாக நம்பினார்கள், ஆனால் அந்த வஞ்சகம் தங்கள் சாட்சிகளிடம் மட்டும் செல்லாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதே 1692இல் ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு தண்டனை. பால்தசார் பெக்கர் என்ற சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் முந்தைய ஆண்டு ‘மாயத்தில் மயங்கிய உலகம்’ என்ற நூலை வெளியிடத் தொடங்கியிருந்தார். தெகார்த்தின் வழியில் வந்தவர். உடம்பு இல்லாத ஆவி உடம்பின்மேல் எதுவும் செய்ய இயலாது என்றார். பிசாசு இல்லை என்று அவர் சொல்லவில்லை, நரகத்தில் கட்டுண்டு கிடப்பவனால் உங்கள் பசுவின் பாலை வற்றவைக்க முடியாது என்றார். திருச்சபை அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. நகராட்சி சம்பளத்தை மட்டும் தொடர்ந்து கொடுத்துவந்தது. ஆம்ஸ்டர்டாம் வணிகர்களின் நகரம் அல்லவா!

பூகம்பத்துக்கும் புயலுக்கும் பிசாசைப் பொறுப்பாக்கும் வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, கோயில்களில் மக்கள் கூடியிருந்த வேளையில் லிஸ்பன் இடிந்தது. 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரிகர்களைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. மனிதனின் சுதந்திரம் இவற்றை விளக்காது. அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 1974இல், இத்தகைய கேடுகள் மனிதரல்லாத சுதந்திர ஆவிகளின் வேலையாக இருக்கலாம் என்று ஒரு வாதம் வைத்தார். அப்படித்தான் என்று அவர் சொல்லவில்லை. அப்படி இருப்பதில் முரண் இல்லை என்றால் போதும், கடவுளும் தீமையும் சேர்ந்திருக்க முடியாது என்ற தர்க்கம் உடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. தர்க்கமாக அது செல்லும். பூமித்தட்டுகள் நகர்வதைப் பள்ளிப் பிள்ளைகளே படம் போட்டுக் காட்டும் காலத்தில் மனத்தில் ஒட்டுவது கடினம்.

மனிதன் செய்யும் கொடுமைக்குப் பிசாசு தேவையா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. தீமையைத் தீமைக்காகவே விரும்பும் பிசாசுச் சித்தம் மனிதனுக்குக் கிடையாது, அவன் அறநெறியைத் தன்னலத்துக்குக் கீழே வைக்கிறான், அவ்வளவுதான் என்றார் காண்ட். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு கார்ல் யாஸ்பர்ஸ், தன் பழைய மாணவி ஹானா அரென்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், நாஜிகளுக்குச் சாத்தானின் மகத்துவத்தைக் கொடுத்துவிடாதே என்று எச்சரித்தார். 1961இல் ஜெருசலேமில் நாஜி ஐக்மன் மீதான விசாரணையைப் பார்த்த அரென்ட் அங்கே கண்டது கொம்பு முளைத்தவனை அல்ல, பதவி உயர்வில் கண்ணாக இருந்த ஒரு அதிகாரியை. ஐக்மனை அவர் சரியாக எடைபோட்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். யாஸ்பர்ஸின் எச்சரிக்கைக்கு அதனால் பழுதில்லை.

மனிதர்களைப் பிசாசாக்குவது ஒரு பக்கம். அடுத்தவரின் சாமியைப் பிசாசாக்குவது இன்னொரு பக்கம். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்த ராபர்ட் கால்டுவெல், 1849இல் சாணார் சமூகத்தைப் பற்றி வெளியிட்ட நூலில் அவர்களுடைய வழிபாட்டைப் பேய் வணக்கம் என்றே வகைப்படுத்தினார். சமூகத்தார் கொதித்தெழுந்தார்கள். திராவிட மொழிகளின் உறவை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண்ணுக்கு ஒன்று சரியாகப் பிடிபடவில்லை: மாடனும் இசக்கியும் சாத்தானின் தமிழ்நாட்டுக் கிளைகள் அல்ல. தென்மாவட்டக் கதைப்பாடல்களில் கணிசமான தெய்வங்கள் அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள். பழையனூர் நீலி கணவன் கையால் செத்தவள், பேயாகித் திரும்பி வந்து பழி வாங்கினாள். சாத்தான் கதையில் பிசாசு முதலில், மனிதனின் பாவம் பிறகு. நீலி கதையில் மனிதன் செய்த கொலை முதலில், பேய் பிறகு. அவளைக் கெடுத்தது யார் என்று கேட்டால் பதில் கதையிலேயே ஊர், பேரோடு இருக்கிறது.

சைவ சித்தாந்தத்தில் பிசாசுக்கே இடமில்லை; கேள்வி மட்டும் தப்பவில்லை. உயிரைக் கட்டியிருக்கும் ஆணவ மலம் எப்போது வந்தது, யார் கொடுத்தது? சிவன் கொடுத்தார் என்றால் பழி அவரைச் சேரும். உயிர் தானே தேடிக்கொண்டது என்றால் சுத்தமான உயிர் ஏன் தேடியது என்று அன்செல்மின் மாணவர் எழுந்து நிற்பார். மெய்கண்டார் மரபினர் இரண்டையும் விட்டுவிட்டு, அது அநாதி, செம்பில் களிம்புபோல உயிரோடு என்றுமே இருப்பது என்றார்கள். கூடவே பிறந்தது என்றால் அது உயிரின் இயல்பே ஆகிவிடாதா, இயல்பு எப்படி நீங்கும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. களிம்பு செம்போடு இருப்பது, செம்பின் குணம் அல்ல. ரசகுளிகை பட்டால் செம்பு பொன்னாகும், களிம்பு போகும் என்று பதில் வந்தது. களிம்பே இல்லாத செம்பைத் தொடக்கத்திலேயே ஏன் எடுக்கவில்லை என்று அடுத்த கேள்வி கேட்பவருக்கு, உயிரையும் இறைவன் படைக்கவில்லை, இறைவனும் உயிரும் மலமும் மூன்றுமே தொடக்கமில்லாதவை என்பதுதான் சித்தாந்தியின் பதில். ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாவற்றையும் படைத்த கடவுளை வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது.